அல்பாகா: பதிவுச் சீட்டு வேறு, பண்ணை வருமானம் வேறு

வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்வதற்கான ஆறு மாத அவகாசம் 2024 ஆகஸ்ட் இறுதியோடு முடிந்தது. பிப்ரவரி 28 அன்று வந்த புதிய விதிகள் விதித்த கெடு இது. இடுக்கி மாவட்டத்தின் சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு பக்கத்து வாசகர்கள் எழுதியிருக்கும் கடிதங்களில் ஒரே குழப்பம்: ஏலத்தோட்ட ஓரத்தில், ரோமத்துக்காக வளர்க்கும் ஒட்டக இன விலங்கான அல்பாகாவை வளர்க்கலாமா? பதிவு செய்தால் அரசே அனுமதி தந்த மாதிரிதானே?

இல்லை. பதிவு வேண்டியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ள இனங்கள் மட்டுமே. ‘சைட்டீஸ்’ என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலை ஒட்டி அமைந்த அட்டவணை அது. அல்பாகாவின் காட்டு மூதாதையான விகூனா அதில் இருக்கிறது. மனிதன் பழக்கிய அல்பாகா இல்லை. அட்டவணையில் இருக்கும் விலங்குக்கும்கூட அந்தச் சீட்டு ‘இன்னாரிடம் இது இருக்கிறது’ என்றுதான் சொல்லும். தொழில் லாபம் தரும் என்றோ, விற்பவர் நேர்மையானவர் என்றோ சொல்லாது. 2020 ஜூனில் ஒன்றிய அரசு கொண்டுவந்த தன்விருப்ப அறிவிப்புத் திட்டத்தில், ஆறு மாதத்துக்குள் அறிவித்தவரிடம் விலங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணமே கேட்கவில்லை. கணக்கெடுப்பு என்று அரசு சொன்னது, பலருக்கு மன்னிப்பாகவும் ஆயிற்று. பதிவு எண்ணைக் காட்டி யாராவது குட்டி விற்க வந்தால் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கவலைப்பட வேண்டிய இடம் விலை உருவாகும் விதம். அல்பாகாவை ஆண்டுக்கு ஒருமுறை கத்தரித்தால் இரண்டு மூன்று கிலோ ரோமம் தேறும். வயது ஏற ஏற இழை தடிக்கும். பெட்டை ஏறத்தாழ பதினொன்றரை மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், இரட்டை அபூர்வம். ரோமத்தை நம்பிப் பிழைக்க வேண்டுமானால் பெரு நாட்டு மலைமேய்ப்பர்களைப் போலப் பெரிய மந்தையும் மலிவான மேய்ச்சலும் வேண்டும்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 1984-ல் தென் அமெரிக்காவிலிருந்து அல்பாகாக்கள் அங்கே பண்ணைகளுக்கு வரத் தொடங்கின. வளர்ப்போரே ஒரு வம்சப் பதிவேடு தொடங்கி, இரத்தப் பரிசோதனையால் தாய் தந்தையை உறுதி செய்தார்கள். 1998-க்குப் பிறகு இறக்குமதியான விலங்குகளுக்கு அந்தப் பதிவேடு மூடப்பட்டது. அதன்பின் பதிவுள்ள குட்டி, பதிவுள்ள தாய்க்குத்தான் பிறக்க முடியும். வரத்து சுருங்கியது, நல்ல பெட்டைகளின் விலை பல்லாயிரம் டாலருக்கு ஏறியது. வாங்கியவர்கள் போட்ட கணக்கில் ரோமம் இல்லை, அடுத்து பண்ணை தொடங்க வருபவருக்குக் குட்டியை விற்பதே இருந்தது. ரோம வருமானம் இந்த விலையைத் தாங்காது என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகப் பொருளியலாளர்கள் அப்போதே எழுதினார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் புதிதாக வாங்குவோர் குறைந்தார்கள், விலை சரிந்தது. ஒரு காலத்தில் கடன் வாங்கி வாங்கிய விலங்கை இலவசமாகக் கொடுக்கவும் ஆள் தேட வேண்டி வந்தது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. பெருந்துறை சுசி ஈமு பண்ணையின் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புத் தொகை. இரண்டு ஆண்டில் அந்த மாதத் தொகை மட்டுமே 1,44,000 ரூபாய். கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தருவதாகவும் வாக்குறுதி. இந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு ஈமு கறிக்கோ எண்ணெய்க்கோ சந்தை இல்லை. புதிதாகக் கட்டுபவரின் பணம் பழையவருக்குப் போனது. 2012-ல் எல்லாம் நின்றது. பறவைகள் பட்டினி கிடந்தன, வழக்கு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போனது.

இடுக்கிக்காரர்களுக்கு வனிலாவும் தெரியும். 2003 வாக்கில் பச்சைக் காய் கிலோ மூவாயிரத்தைத் தாண்டியபோது கொடித் துண்டு விற்றே சம்பாதித்தவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் காய் விலை நூறுக்குக் கீழே இறங்கியது. கொடி வாங்கி நட்டவர்கள்தான் அதில் மாட்டினார்கள். ஆனாலும் வனிலாவுக்கு உலகச் சந்தை என்று ஒன்று இருந்தது. ஏலக்காய் என்றால் புற்றடியிலோ போடியிலோ ஏலத்தில் விலை கிடைக்கும். அல்பாகா ரோமத்தை வாங்க இந்த மலையில் யார் இருக்கிறார்கள் என்பதை, குட்டி விலையைப் பேசும் முன்பே கேட்க வேண்டும்.

மற்ற கேள்விகள் சுருக்கமாக:

தட்பவெப்பம் ஒத்துவருமா? 3,500 மீட்டருக்கு மேல் குளிர்ந்த வறண்ட மேட்டுநிலத்து விலங்கு அது. ஆட்டுக் கம்பளியின் எண்ணெய்ப் பசை அதன் ரோமத்தில் மிகக் குறைவு என்பதால் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் நனைய விட முடியாது, சேற்று மண்ணில் நகம் தேயாமல் வளைந்து வளரும்.

ஒன்று மட்டும் வளர்க்கலாமா? கூடாது, அது கூட்டமாக வாழும் விலங்கு.

இறக்குமதி? 1898-ஆம் ஆண்டுக் கால்நடை இறக்குமதிச் சட்டப்படி அனுமதி வேண்டும்; தனிமைப்படுத்தும் நிலையம் சென்னையில் உண்டு.

வைத்தியம்? ஒட்டக இனத்துக்கான தேசிய ஆராய்ச்சி மையம் இருப்பது ராஜஸ்தானின் பிகானேரில்.

ரோமம் தரும் கால்நடைதான் வேண்டுமென்றால்? கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் அங்கே போய், ஒரு கிலோ கம்பளி இன்று என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டு வரலாம்.