ரங்கபதாகை

ரங்கபதாகை என்பவர் பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மனின் (இராசசிம்மன்) அரசியாவார். இவரது காலம் கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலும் இம்மன்னன் எடுப்பித்தவை.

கைலாசநாதர் கோயிலின் முன்புறம் வரிசையாக அமைந்துள்ள சிறு சிவாலயங்களுள் ஒன்றை இவ்வரசி கட்டுவித்தார். இச்செய்தியைக் கூறும் வடமொழிக் கல்வெட்டு அச்சிற்றாலயத்திலேயே கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. பதாகை என்றால் கொடி. அப்பெயரைக் கொண்டே, பெண்களுள் கொடி போன்றவர் எனக் கல்வெட்டு இவரைப் புகழ்கிறது. சிவனுக்கு மலைமகள் போலக் காலகாலன் என்னும் விருதுப்பெயருடைய தன் கணவனுக்கு இவர் உகந்தவர் என்றும் அது கூறும். கோயிலெங்கும் மன்னனின் விருதுப்பெயர்கள் 200க்கு மேல் பொறிக்கப்பட்டிருக்க, அரசியின் பெயர் இங்கு ஒரு சிற்றாலயத்தில் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

அதே நூற்றாண்டின் இறுதியில், பைசாந்தியப் பேரரசில் ஐரீன் 797 முதல் 802 வரை தனித்து ஆட்சி செய்தார். அவரது வாழ்வை அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் ஆண்டுவாரியாக எழுதி வைத்தனர். பல்லவ நாட்டில் அத்தகைய நூல் மரபு இல்லை. கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே சான்றுகள். செங்கல்பட்டு மாவட்டம் வயலூரில் உள்ள இராசசிம்மனின் தூண் கல்வெட்டும் அரச மரபினரின் பெயர்களையே நெடுக அடுக்குகிறது. ரங்கபதாகையை அறியத் துணைபுரிவது அவர் கட்டிய ஆலயமே. அதன் கல்வெட்டை ஹுல்ட்சு 1890இல் பதிப்பித்தார்.