நுரையீரலில் ஒரு தழும்பு

பருத்திப்பட்டிலிருந்து வளைகுடா வேலைக்குக் கிளம்பும் ஒருவர், மெடிக்கல் செக்கப்பின் எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரியைப் படித்துத் திகைக்கலாம்: ‘வலது மேல்பகுதியில் ஃபைப்ரோசிஸ், ஓல்ட் காக்ஸ்’. அவருக்கு இருமல்கூட இருக்காது. ஃபைப்ரோசிஸ் என்றால் தழும்பு. காக்ஸ் என்பது, 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக் பெயரால் டாக்டர்கள் டிபியைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல்.

எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எக்ஸ் கதிர் காற்றை எளிதாகக் கடந்துவிடும். அதனால் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும், கதிரைத் தடுக்கும் விலா எலும்பு வெள்ளையாகவும் தெரியும். அந்தக் கறுப்புக்குள் வெள்ளை இழைகள் ஓடினால், அங்கே காற்று இருக்க வேண்டிய இடத்தில் நார் இருக்கிறது.

முட்டியில் பட்ட காயத்தை மூடுவதுபோலவே நுரையீரல் புண்ணையும் உடம்பு கொலாஜன் நாரால் ஒட்டுப்போடுகிறது. அந்த நார் நாளாக நாளாகச் சுருங்கும். தையல் நூலைச் சுண்டி இழுத்தால் துணி கூடிவருமே, அதுபோலச் சுற்றியிருப்பதையும் இழுக்கும். கழுத்திலிருந்து நேராக இறங்கவேண்டிய மூச்சுக்குழாய் தழும்புள்ள பக்கம் சாய்ந்திருந்தால், இழுபட்டது என்று அர்த்தம்.

தழும்பு இருக்கும் இடமும் துப்புத் தரும். டிபி கிருமிக்கு ஆக்சிஜன் பிடிக்கும். அது மிகுந்திருக்கும் நுரையீரல் உச்சியில்தான் பெரும்பாலும் தங்கும். கல் உடைக்கும் தூசியால் வரும் தழும்பு மேல்பகுதியில் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தெரியும். காரணம் தெரியாமல் வரும் ஒருவகைத் தழும்பு அடிப்பகுதியில் வலைபோலப் படரும், அதற்கு சி.டி. ஸ்கேன் தேவை.

ஒரு காலத்தில் காசநோய் என்றால் 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம்தான் நினைவுக்கு வரும். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்த அளவுக்கே குணமாகும் என்பதை 1959-இல் அது காட்டியது. அப்படி வீட்டிலேயே குணமானவர்கள் எத்தனையோ பேர், நெஞ்சில் தழும்போடு நம் தெருவில் நடமாடுகிறார்கள்.

ஆனால் புண் ஆறிவிட்டதா, இன்னும் கனல்கிறதா என்பதை ஒற்றை எக்ஸ்ரே அடித்துச் சொல்லாது. அதற்குச் சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் செய்வார்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் தள்ளிப்போடக்கூடாது. சளியில் ரத்தம் வந்தால் அன்றே போகவேண்டும். ஆறிய தழும்பிலிருந்தும் ரத்தம் கசியலாம். ஆறிய தழும்பைக் கரைக்க மாத்திரை கிடையாது. அறிகுறி இல்லாவிட்டால் பெரும்பாலும் தேவையும் இல்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு: பழைய ஃபிலிம். அன்றிருந்த இழை இன்றும் அதே அளவில் இருந்தால், அது ஆறிய வடுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பீரோவுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் அந்தக் கவரைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.