உத்தரவு உண்டு, சரக்கு இல்லை!

உங்கள் தெருவில் ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகளை நிறுத்திப் பாருங்கள். ஒன்று உயரமாகவும் மற்றொன்று குட்டையாகவும் இருக்கலாம். தாய் தந்தையர் குட்டையாக இருந்தால் பிள்ளையும் அப்படி இருப்பது இயல்பே. ஆனால், சரியான உணவின்றி மெலிந்து வளராமல் நிற்கும் குழந்தையைப் பார்த்து, "இதற்கு வளர்ச்சி ஹார்மோன் சுரக்கவில்லை போலும்; ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று யாரேனும் சொன்னால் நம்புவீர்களா?

1960-களில் தென்னாப்பிரிக்காவில், கடும் ஊட்டக்குறைவால் உடல் வீங்கிய குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை! வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. அப்படியானால் அக்குழந்தைகள் ஏன் வளரவில்லை?

கல்லீரலின் வேலை

இதைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போவோம். கப்பல் வந்து நிற்கிறது. "சரக்கை ஏற்றுக!" என்று அலுவலகத்திலிருந்து உத்தரவு வருகிறது. கிட்டங்கியிலோ சரக்கே இல்லை. பத்து முறை உத்தரவு வந்தாலும் கப்பல் காலியாகத்தானே நிற்கும்?

நம் உடலிலும் இப்படித்தான். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் உத்தரவு தரும் அலுவலகம். அது சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைகிறது. கல்லீரல் 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி' என்னும் வேறொரு பொருளை உண்டாக்கி அனுப்புகிறது. எலும்பின் முனைகளிலுள்ள குருத்தெலும்பைப் பெருகச் செய்து, எலும்பை நீளச் செய்வதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இப்படி ஓர் இடைப்பொருள் இருப்பதை 1957-இல் சால்மன், டாகடே என்ற அமெரிக்க அறிஞர்கள் எலிகளின் குருத்தெலும்பைக் கொண்டு கண்டறிந்தனர்.

உணவில் புரதமும் எரிசக்தியும் குறைந்தால் கல்லீரல் இந்தக் காரணியைப் போதிய அளவு உண்டாக்குவதில்லை. "போதும், நிறுத்து" என்று பிட்யூட்டரிக்குச் சொல்லும் செய்தியும் அதனால் குறைந்துவிடுகிறது. பிட்யூட்டரி மேலும் மேலும் ஹார்மோனைச் சுரக்கிறது. உத்தரவு குவிகிறது, வளர்ச்சி மட்டும் இல்லை.

இது உடலின் தவறா? இல்லை, சிக்கனம்! மிகுதியான வளர்ச்சி ஹார்மோன், சேமிப்பிலுள்ள கொழுப்பைக் கரைத்து எரிபொருளாக்குகிறது. அதனால் மூளைக்கு வேண்டிய சர்க்கரை மிச்சமாகிறது. பஞ்ச காலத்தில் குடும்பம் வீடு கட்டுவதை நிறுத்திவிட்டு அடுப்பெரியப் பார்ப்பதில்லையா? அதுபோல உடலும் வளர்வதை ஒத்திவைத்து உயிரைக் காக்கிறது. நல்ல உணவு கிடைத்ததும் ஹார்மோன் அளவு இறங்குகிறது. வளர்ச்சிக் காரணி ஏறுகிறது. குழந்தையும் வளரத் தொடங்குகிறது.

தைராய்டு ஹார்மோனும் இப்படித்தான். அயோடின் இன்றி அது உருவாகாது. சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது இதற்காகவே. ஆகவே உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடிக்குக் குழந்தைகளின் வளர்ச்சியில் பங்கு உண்டு.

காத்திருக்காத காலம்

ஒத்திவைத்த வளர்ச்சியை எப்போது வேண்டுமானாலும் ஈடுசெய்ய முடியுமா? அங்கேதான் ஆபத்து. பிறக்கும்போது ஏறத்தாழ 50 செ.மீ. நீளமுள்ள குழந்தை, முதல் ஆண்டிலேயே சுமார் 25 செ.மீ. வளர்கிறது. பிறகு ஒருபோதும் அவ்வளவு வேகம் வராது. கருவில் தொடங்கி இரண்டு வயது வரையுள்ள சுமார் 1000 நாட்களில் இழந்ததை முழுவதும் மீட்பது கடினம்.

நம் நாட்டுத் திட்டங்களின் வரலாற்றைப் பாருங்கள். 1956-இல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, இன்று தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கப்பட்டது. பள்ளிக்கு வராத சின்னஞ்சிறு குழந்தைகள்? 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டது. எடை ஏறாதவர்களுக்குக் கூடுதல் உணவு தந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சத்துணவுத் திட்டம், 2 வயதுக் குழந்தைக்கும் சோறிட்டது.

வளர்ச்சி ஹார்மோன் உண்மையாகவே சுரக்காத குழந்தைகளும் உண்டு. ஆனால் அவர்கள் மிகச் சிலரே. மருத்துவரின் ஊசி அவர்களுக்குப் பயன்படும். பசித்த குழந்தைக்கு வேண்டியது உணவு: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்; பிறகு தாய்ப்பாலோடு பருப்பு, முட்டை, கேழ்வரகு, முள் நீக்கி மசித்த மீன். விலை உயர்ந்த மீன்தான் வேண்டுமென்பதில்லை; கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் சாளையிலும் நல்ல புரதம் உண்டு.

உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், அங்கன்வாடியில் தரும் வளர்ச்சி அட்டையை வாங்கிப் பாருங்கள். கோடு மேலே ஏறுகிறதா? ஏறாமல் படுத்துவிட்டால் உடனே அம்மாவிடம் சொல்லுங்கள். கிட்டங்கி காலியாகிறது என்பதை முதலில் காட்டுவது அந்தக் கோடுதான்!