பீங்கானும் சித்திர விதியும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற ஊர். பீங்கான் கலமொன்றைக் கையிலெடுத்து நோக்குவோமாயின், சித்திர வரைவின் விதிகள் மூன்று நமக்கு இனிது விளங்கும்.

முதலாவது, நிற வேறுபாடு. வெண்ணிலத்தின்மீது கருநீலம் தெளிவாய்த் தோன்றும். கோபால்ட்டு தரும் அந்நீலம் 1,200 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் தாங்குவது. வேறு பல வண்ணங்களோ அவ்வெப்பத்திற் கெட்டொழியும். சீனர் நீலத்தைப் பெரிதும் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, அளவொழுங்கு. கோப்பை உருண்டையாதலின் ஒரே நோக்கில் அதன் பாதிக்கு மேற் காண இயலாது. எனவே ஒரு பூவையே சம இடைவெளியிற் பலமுறை வரைவர். எப்புறம் திருப்பினும் சித்திரம் நிறைவுற்றே தோன்றும்.

மூன்றாவது, வெற்றிடம். இடமெல்லாம் நிரப்பிவிடின் கண் எதனிலும் தங்காது.

தாளில் நேர்ந்த பிழையை அழித்தெழுதலாம். சூளையிற் சுட்ட பிழையோ கலம் உடையுமளவும் நிற்கும், அதனைச் செய்த தொழிலாளியின் உழைப்பும் விலைபோகாது. ஆகையால் தூரிகையை எடுக்குமுன்னரே வரைவை எண்ணி முடித்தல் வேண்டுமென்க.