மருந்தை ஏந்திச் செல்லும் நுண்துகள்கள்

நோயைக் கொல்லும் மருந்து நோயாளியையும் வருத்துவது ஏன்? புற்றுநோய் வைத்தியத்தில் இது பழைய வினா. புற்றுக் கலங்கள் வெளியிலிருந்து வந்த கிருமிகள் அல்ல. நம் உடற் கலங்களே கட்டுப்பாடிழந்து பெருகுகின்றன. ஆதலின், அவற்றை அழிக்கக் குருதியிற் செலுத்தும் நஞ்சு நல்ல கலங்களையும் தாக்குகின்றது. டொக்சோரூபிசின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். அது புற்றை அழிப்பதில் வல்லது. ஆயின், உடலிற் சேரும் மொத்த அளவு மிகுந்தால் இருதயத் தசையைக் கெடுத்துவிடும். புற்றிலிருந்து மீண்டவர் இருதய நோய்க்கு ஆளாகலாமா?

இலக்கை மட்டும் நாடிச் செல்லும் 'மந்திரக் குண்டு' போன்ற மருந்து வேண்டும் என்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் எண்ணினார். அவ்வெண்ணத்துக்கு உருக்கொடுக்க உதவியது 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் குழுவினர் கண்ட உண்மை. கொழுப்புப் பொருள்கள் சில, நீரிலே தாமாகவே நுண்ணிய குமிழிகளாக அமைந்துவிடுகின்றன. இத்தகைய குமிழிக்குள் டொக்சோரூபிசினை அடைத்த மருந்து 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குமிழியின் குறுக்களவு ஏறத்தாழ 100 நனோமீற்றர். அதாவது, ஒரு மில்லிமீற்றரில் 10,000இல் ஒரு பங்கு.

இந்த அளவிலேதான் சூட்சுமம் இருக்கின்றது. இருதயத்தின் குருதிக் குழாய்ச் சுவர்கள் நெருக்கமானவை. குமிழி அவற்றைக் கடப்பது அரிது. புற்றுக் கட்டியிலோ, அவசரமாக முளைத்த குழாய்கள் ஆங்காங்கே இடைவெளி கொண்டிருக்கும். அவற்றின் வழியே கசியும் குமிழி, நிணநீர் வடிகால் குன்றியிருப்பதனால் அங்கேயே தங்குகின்றது. இத்தன்மையை 1986இல் ஜப்பானிய ஆய்வாளர் மற்சுமுராவும் மயேடாவும் எடுத்துரைத்தனர்.

நோயைக் காட்டவும் நுண்துகள்கள் உதவுகின்றன. இரும்பு ஒட்சைட்டுத் துகள்களைக் குருதியிற் செலுத்தினால், நலமுள்ள நிணநீர்க் கணுக்களிலுள்ள துப்புரவுக் கலங்கள் அவற்றை விழுங்கும், எம்.ஆர்.ஐ. படத்தில் அக்கணுக்கள் கருமையாகத் தோன்றும். புற்றுப் பரவிய பகுதி கருமையடையாது. கருமையின்மையே நோயின் அடையாளமாகின்றது.

ஆயினும், மந்திரக் குண்டு கைக்கு வந்துவிட்டது என்று மகிழ்வதற்கில்லை. விலங்குகளிற் செய்யப்பெற்ற பத்தாண்டுக்கால ஆய்வுகளைக் கனடாவின் ரொறன்ரோ அறிஞர்கள் 2016இல் தொகுத்து ஆராய்ந்தனர். செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைவது பெரும்பாலும் 100இல் ஒரு பங்கினும் குறைவு என அவர்கள் கண்டனர். எஞ்சியவற்றிற் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பற்றிக்கொள்கின்றன. மனிதரிலும் ஒருவரின் கட்டி போல மற்றொருவரின் கட்டி கசிவதில்லை.

எனவே, இம்மருந்தின் பயனை அளந்தறிதல் வேண்டும். குமிழியில் அடைத்த டொக்சோரூபிசின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புண் உண்டாக்கக்கூடும். ஆனால், இருதயத்துக்கு நேரும் தீங்கு குறைந்துள்ளது. நஞ்சு எங்கே சேருகின்றது என்பதைவிட, எங்கே சேராமல் விலகுகின்றது என்பதிலேயே இதுவரை கிட்டிய வெற்றி பெரிதும் தங்கியிருக்கின்றது. நோயாளிக்கு அதுவும் சிறு நன்மையன்று.