இந்திய ஓப்பன் கோல்ஃப் போட்டி

இந்திய ஓப்பன் என்பது தொழில்முறை கோல்ஃப் (குழிப்பந்தாட்ட) வீரர்கள் இந்தியாவில் விளையாடும் முதன்மையான பன்னாட்டுப் போட்டி ஆகும். இது இந்நாட்டின் தேசிய ஓப்பன் போட்டியாகக் கருதப்படுகிறது. 1964ஆம் ஆண்டு தொடங்கிய இப்போட்டியை மூன்று முறைக்கு மேல் எவரும் வென்றதில்லை. ஆத்திரேலியாவின் பீட்டர் தாம்சன், இந்தியாவின் ஜோதி ரந்தாவா ஆகிய இருவர் மட்டுமே மூன்று முறை வென்றுள்ளனர்.

ஆடும் முறை

போட்டி நான்கு சுற்றுகளைக் கொண்டது. ஒரு சுற்றுக்கு 18 குழிகள் என மொத்தம் 72 குழிகள் ஆடப்படும். பந்தைக் குழிகளில் சேர்க்க மிகக் குறைந்த அடிகளை எடுத்துக்கொண்டவர் வெற்றி பெறுவார். முதலிடத்தில் சமநிலை ஏற்பட்டால், சமநிலையில் உள்ளவர்கள் மட்டும் கூடுதல் குழிகளில் ஆடி வெற்றியாளர் முடிவு செய்யப்படுவார்.

தாம்சனின் சாதனை

பிரித்தானிய ஓப்பன் போட்டியை ஐந்து முறை வென்ற தாம்சன், இந்திய ஓப்பன் தொடங்கப்படுவதற்கும் ஊக்கமளித்தவர். முதல் போட்டியிலேயே வெற்றி பெற்ற அவர், 1966இலும் வென்றார். பத்து ஆண்டுகள் கழித்து 1976இல், தம் 46ஆம் வயதில், மூன்றாம் முறையாகப் பட்டம் பெற்றார்.

இந்தியர்களின் காத்திருப்பு

1965இல் பி. ஜி. சேத்தி பட்டம் வென்றார். அவர் தொழில்முறை வீரர் அல்லர். பரிசுப் பணம் பெறாத அமெச்சூர் வீரர். அதன்பின் 26 ஆண்டுகள் எந்த இந்தியரும் இப்போட்டியை வெல்லவில்லை. 1991இல் அலி ஷேர் வென்று, இப்பட்டம் பெற்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரரானார். ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாகத் தில்லியில் தொடங்கியவர் அவர். 1993இல் மீண்டும் வென்றார். 1998இல் பெரோஸ் அலியும் 1999இல் அர்ஜுன் அத்வாலும் வென்றனர்.

சாதனை சமன்

2000ஆம் ஆண்டில் ரந்தாவா முதல் பட்டத்தைப் பெற்றார். 2002இல் ஆசியச் சுற்றின் பரிசுத்தொகைத் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் இந்தியரானார். 2006இல் விஜய் குமார், சவ்ராசியா ஆகியோருடன் ஏற்பட்ட சமநிலையை முறித்து இந்திய ஓப்பனை மீண்டும் வென்றார். 2007இல் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டதன் மூலம் தாம்சனின் 31 ஆண்டுச் சாதனையைச் சமன் செய்தார்.

எண்ணிக்கையில் இருவரும் சமம் என்றாலும் சூழல் வேறு. தாம்சன் வென்ற காலத்தில் இந்தியத் தொழில்முறை வீரர் எவரும் இப்பட்டத்தைப் பெற்றிருக்கவில்லை. ரந்தாவாவோ 2006இல் இந்தியர் இருவரைத் தாண்டியே பட்டம் பெற வேண்டியிருந்தது. அப்போது தோற்ற சவ்ராசியா பின்னர் 2016, 2017 ஆண்டுகளில் தொடர்ந்து இருமுறை வென்றார்.