எல். ஏ. ராம்தாஸ்

எல். ஏ. ராம்தாஸ் (லட்சுமிநாராயணபுரம் அனந்தகிருஷ்ண ராம்தாஸ், 1900–1979) இந்திய இயற்பியலாளர். இந்திய வேளாண் வானிலையியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். தெளிந்த இரவுகளில் தரைக்குச் சற்று மேலே உருவாகும் குளிர்ந்த காற்றடுக்கு அவர் பெயராலேயே ‘ராம்தாஸ் அடுக்கு’ என்று வழங்குகிறது. அந்தப் புகழில் மறைந்துபோன இன்னொரு பணியும் உண்டு. மண்ணிலுள்ள ஈரம் காற்றுக்குப் போவதையும், காற்றிலுள்ள ஈரம் மண்ணுக்குத் திரும்புவதையும் அவர் ஆராய்ந்தார். கிணற்றையும் மழையையும் மட்டுமே நம்பியிருக்கும் வறண்ட நிலத்துக்கு இந்தப் பணியே மிக நெருக்கமானது.

கல்வியும் தொடக்க ஆய்வும்

ராம்தாஸ் பாலக்காட்டில் பிறந்தார். கல்கத்தாவில் சி. வி. இராமனின் மாணவராகச் சேர்ந்து, நீர்மங்களின் பரப்பில் ஒளி சிதறுவதைப் பற்றி அவருடன் இணைந்து ஆய்வு செய்தார். மண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால் ஒரு பொருளின் உட்புறத்தைவிட, அது காற்றைத் தொடும் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அங்கே தொடங்கியது. அந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

1926 இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். 1928 இல் அறிக்கை அளித்த அரச வேளாண் ஆணையம், பயிருக்கும் வானிலைக்கும் உள்ள தொடர்பை முறையாக ஆராய வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் பயனாக 1932 இல் புனேயில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் ராம்தாஸ். அதுவரை வானிலை ஆய்வு என்றால் மேகம், காற்றழுத்தம், புயல் என்று மேலே பார்ப்பதுதான். அவர் கருவிகளைத் தரைக்கு இறக்கினார்; மண்ணுக்குள்ளும் புதைத்தார்.

மண்ணில் நீர் நகரும் விதம்

அவர் ஆய்வைப் புரிந்துகொள்ள மண்ணீரைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். நீர் நிறைந்த மணலின் வழியே நீர் எவ்வளவு வேகமாகச் செல்லும் என்பதற்கான விதியை 1856 இல் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி கண்டறிந்தார். ஆனால் வயல் மண் பெரும்பாலான நாட்களில் நீரால் நிறைந்திருப்பதில்லை. துளைகளில் பாதி காற்றும் பாதி நீரும் இருக்கும். அந்த நிலையில் நீர் கீழ்நோக்கி மட்டும் போவதில்லை. ஈரமான இடத்திலிருந்து காய்ந்த இடத்துக்கு, எந்தத் திசையிலும் இழுக்கப்படும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே நுண்புழைக் கவர்ச்சியால்தான்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் அமெரிக்காவின் எட்கர் பக்கிங்காம். 1907 இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் வியப்பான ஒரு முடிவு இருந்தது. வறண்ட காற்றில் வைத்த மண் முதலில் வேகமாக ஈரத்தை இழந்தது. ஆனால் சில நாட்களில் அதன் மேற்பரப்பு முற்றிலும் காய்ந்து, அடியிலுள்ள ஈரத்துக்கு மூடியாகிவிட்டது. மிதமான காற்றில் வைத்த மண்ணோ மெதுவாக, ஆனால் நெடுநாள், இழந்துகொண்டே இருந்தது. காரணம் எளியது. மேல்மண் காய்ந்தவுடன் துளைகளில் தொடர்ந்திருந்த நீர்ப்படலம் அறுந்துபோகிறது. அதன்பின் அடியீரம் நீராவியாக மாறித்தான் வெளியே வர முடியும். நீராவி மண்ணிடுக்குகளில் நகர்வது மிகவும் மெதுவானது.

இரவில் மண் பெறும் ஈரம்

இந்த இடத்தில்தான் ராம்தாசின் பங்களிப்பு வருகிறது. மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும் மாதங்களில், புனேயின் கரிசல் மண்ணின் மேற்பரப்பையும் அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதத்தையும் எம். எஸ். கட்டி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து தொடர்ந்து கவனித்தார். இந்த ஆய்வு 1934 இல் வெளியானது. பகலில் மேல்மண் காற்றுக்கு ஈரத்தைக் கொடுக்கிறது. மாலை முதல் விடியற்காலைவரை காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மழையும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் பனித்துளியும் இல்லை; ஆனாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நாள்தோறும் நடக்கிறது.

வீட்டில் திறந்து வைத்த அப்பளம் நமத்துப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காய்ந்த களிமண்ணும் அப்படித்தான். அதன் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு கைப்பிடி மண்ணில் அவற்றின் மொத்தப் பரப்பு மிகப் பெரியது. அந்தப் பரப்பு முழுவதும் நீராவி ஒட்டிக்கொள்கிறது. களி மிகுந்த கரிசல் இதில் முதலிடம் பெறும். மணற்பாங்கான செம்மண் குறைவாகவே ஈர்க்கும்.

இவ்வாறு சேரும் ஈரத்தை வேர் உறிஞ்ச முடியாது. மண்துகள் அதை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் இதைக் கண்டதால் என்ன பயன்? பகலில் மட்டும் அளப்பவருக்கு நிலம் அடியிலிருந்து நாள்தோறும் ஈரத்தை இழப்பதாகத் தோன்றும். உண்மையில் அந்த இழப்பில் ஒரு பகுதி முந்தைய இரவில் காற்றிலிருந்து வந்த வரவுதான். இரவையும் சேர்த்து அளந்தால்தான் பயிருக்காக அடிமண்ணில் மிஞ்சியிருப்பது எவ்வளவு என்ற கணக்கு சரியாகும். மானாவாரி விவசாயிக்கு அந்தக் கணக்குதான் வாழ்வு.

வெப்பமும் வெள்ளைப் பொடியும்

கோடைப் பிற்பகலில் வெற்று மண்ணின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டும். இந்த வெப்பம்தான் ஈரத்தை விரட்டுகிறது. கரிய மண்ணின்மேல் வெண்ணிறப் பொடியை மெல்லிய படலமாகத் தூவினால் என்ன ஆகும் என்று ராம்தாசும் அவருடன் பணியாற்றியவர்களும் சோதித்தனர். வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்பட்டது. மேற்பரப்பு மட்டுமல்லாமல் உள்மண்ணும் குளிர்ந்தது. வயல் முழுவதும் சுண்ணப்பொடி தூவுவது நடக்கிற காரியமில்லைதான். ஆனால் வைக்கோல், சருகு கொண்டு மூடாக்கு இடுவதும் இதே வேலையைச் செய்கிறது.

ராம்தாஸ் அடுக்கு

இரவில் தரை குளிர்வதால் தரையை ஒட்டிய காற்றே மிகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று அறிவியலாளர்கள் நம்பியிருந்தனர். காற்றசைவில்லாத தெளிந்த இரவுகளில் அப்படி இல்லை. மிகக் குறைந்த வெப்பநிலை தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலேதான் உள்ளது என்று 1932 இல் ராம்தாசும் எஸ். ஆத்மநாதனும் எழுதினர். அளவீட்டுப் பிழை என்று பலர் எளிதில் ஒதுக்கினர். பின்னர் வேறு நாடுகளிலும் இது உறுதியானது. 1990களில் ரொத்தம் நரசிம்மாவும் அவர் குழுவினரும், அதற்குப் பின் பெங்களூரு ஜவாகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தினரும் இதற்கு விளக்கம் தேடினர். காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வெப்பத்தைக் கதிர்வீசி இழப்பதே காரணம் என்பது பின்னவர்களின் முடிவு.

பிற்காலம்

1956 இல் வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின் ராம்தாஸ் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றினார். ஏரி, நீர்த்தேக்கங்களின் பரப்பில் கொழுப்பு வகைப் பொருளை ஒரு மூலக்கூறு கனமுள்ள படலமாகப் பரப்பி நீர் ஆவியாவதைக் குறைக்க முயன்றார். இளமையில் இராமனிடம் பயின்ற நீர்மப் பரப்புக்கே மீண்டும் வந்துவிட்டார் எனலாம். 1958 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பயிர்களும் வானிலையும் குறித்த அவருடைய ஆங்கில நூலை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1960 இல் வெளியிட்டது.

செம்மண் நிலத்தில்

புனேயில் அவர் கண்டவற்றைத் தமிழ்நாட்டுச் செம்மண் நிலத்தோடு பொருத்திப் பார்க்கும்போது சில வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சிறுமலைக்கு மேற்கில் உள்ள சின்னாளப்பட்டி, காந்திகிராமம், அம்பாத்துரைப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். இங்கு வடகிழக்குப் பருவமழை முடிந்தால் அடுத்த நல்ல மழைக்குப் பல வாரம் காத்திருக்க வேண்டும். கரிசல் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்புகளின் வழியே ஆழத்து ஈரமும் போய்விடும். செம்மண் அவ்வாறு வெடிப்பதில்லை. ஆனால் அடித்துப் பெய்த மழைக்குப்பின் அதன் மேலே கெட்டியான ஏடு படிகிறது. அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோட அதுவே காரணம்.

மழை விட்டு மண் பதமானதும் களைக்கொத்தால் மேலாகக் கொத்திவிடும் வழக்கம் இதனால்தான் வந்திருக்க வேண்டும். ஏடு உடைகிறது, மேலே இரண்டு விரற்கடை புழுதி உருவாகிறது, அடியிலிருந்து வரும் நீர்ப்படலம் அங்கே அறுகிறது. பக்கிங்காம் கண்ட மூடியை உழவர் கையாலேயே செய்துவிடுகிறார். ஆனால் காலம் தவறினால் பயனில்லை. மேல்மண் தானாகக் காய்ந்து, போக வேண்டிய ஈரம் போனபின் கொத்துவது களையை மட்டுமே அழிக்கும். அதிகமாகப் புழுதியாக்கினாலும் ஆடி மாதக் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அத்தகைய இடத்தில் நிலக்கடலைக் கொடியோ சோளத்தட்டையோ பரப்பி வைப்பதே மேல்.